மேன்டல் துணியில் பேரிக்காய்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

திங்கள்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் மின்ரயில் ஈப்போவைத் தாண்டியதும் சுங்கை சிப்புட் வருகிறது. ஒரு காலத்தில் எங்கும் ரப்பர், இப்போது எங்கும் செம்பனை. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் விழுந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது என்பதால் வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊர்ப் பெயர் உண்டு. அணுக்கரு இயற்பியலில் கிடையாது. ஆனால் லயங்களுக்குக் கரண்டு வராத நாளில் தோட்டத்துத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எரிந்த கேஸ் விளக்கின் மேன்டலில், அதாவது சுடரைச் சுற்றி ஒளிரும் வலைத்துணியில், அந்த இயற்பியல் இருக்கிறது.

பழைய மேன்டல் துணி தோரியம் ஆக்சைடில் தோய்த்தது. தோரியம்-232 சிதைந்து ரேடியம்-228, ஆக்டினியம்-228, தோரியம்-228, ரேடியம்-224, ரேடான்-220 என்று இறங்கி, பொலோனியம்-216 வழியாகக் காரீயம்-212க்கு வந்து, கடைசியில் அசையாத காரீயம்-208இல் நிற்கிறது. இந்த வரிசையில் ரேடியம்-228, ரேடியம்-224, ரேடான்-220 மூன்றின் அணுக்கரு வடிவத்தையும் ஜெனீவா அருகே செர்ன் என்ற அணு ஆய்வுக்கூடத்தின் ஐசோல்டே நிலையத்தில் அளந்திருக்கிறார்கள். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த பேரிக்காய் வடிவம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அந்த அளவையில் எது வரை ஒரு சமூக மண்டபத்து மேசையில் செய்யலாம், எந்த இடத்தில் மேசை தோற்கும் என்பதைக் காட்டவே இந்தப் பயணம்.

சாமான்கள்: 2 அங்குல சோடியம் அயோடைடு படிகம், அதன் பின்னால் ஒளிப்பெருக்கிக் குழாய், துடிப்புகளை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ண மடிக்கணினியில் செருகும் பல்தடப் பகுப்பி, கதிர்வீச்சை எண்ண மைக்கா ஜன்னல் வைத்த கைகர் குழாய், ரப்பர் குழாய், சிலிக்கா ஜெல். காரீயச் செங்கல் கொண்டுவரவில்லை. 5×10×20 சென்டிமீட்டர் செங்கல் ஒன்றே 11 கிலோ, நாலு பக்கமும் மறைக்க ஒரு டஜன் வேண்டும். அதற்குப் பதில் வெறும் மேசையின் பின்னணியை இரவு முழுக்க எண்ணிக் கழித்துக்கொள்வதே ரயில் பயணத்துக்கு ஏற்ற வழி. சீசியம்-137 போன்ற செயற்கை மூலங்களும் கிடையாது. அவை 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் வருபவை. அவை இல்லாமலே இந்த வேலை நடக்கும்.

மேன்டல் இந்த ஊரில்தான் கிடைத்தது. பெரிய சாலையில் ஒரு பழைய மளிகைக் கடை.

"ஐயா, பழைய கேஸ் விளக்கு மேன்டல் இருக்குங்களா? புதுசு வேணாம்."

"பசார் மாலாம்காரங்க (இரவுச் சந்தை வியாபாரிகள்) வாங்குன காலத்துச் சரக்கு. பெட்டியோட கெடக்கு, எடுத்துக்கோங்க தம்பி."

பழையது என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. இப்போது வரும் மேன்டல்களில் பெரும்பாலும் தோரியத்துக்குப் பதில் யிட்ரியம். பழைய துணி ஒன்றில் சில நூறு மில்லிகிராம் தோரியம் இருக்கும். 300 மில்லிகிராம் என்று வைத்தால் தோரியம்-232 மட்டும் வினாடிக்குச் சுமார் 1,200 சிதைவு. துணியை உறையோடு ஜிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். எரிந்த மேன்டல் தொட்டால் பொடியாகும், அந்தப் பொடியை மூக்கில் இழுக்கக் கூடாது. எரிக்காத துணி போதும்.

செவ்வாய்

அளவுகோலைச் சரிபார்க்கும் நாள். தோட்டத்து உரக் கிடங்கில் மூட்டை மூட்டையாக இருக்கும் பொட்டாஷ் உரம்தான் மூலம். உலகத்தில் உள்ள எல்லாப் பொட்டாசியத்திலும் சிறு பங்கு பொட்டாசியம்-40. கிராம் பொட்டாசியத்துக்கு வினாடிக்குச் சுமார் 31 சிதைவு, அதில் நூற்றுக்குப் பத்தே சொச்சம் 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றல் அலகு; கீழே வரும் காமா எண்களும் இதிலேயே) காமா கதிராக வெளிவரும். 1 கிலோ உரத்தில் அரைக் கிலோ பொட்டாசியம் என்றால் வினாடிக்கு 1,600க்கு மேல் காமா. படிகத்தைச் சுற்றி மூட்டையை வளைத்து வைத்தால் பத்தே நிமிடத்தில் முகடு தெளிந்துவிடும்.

மேல் முனைக்கு மேன்டலின் தாலியம்-208 தரும் 2,614, கீழ் முனைக்குக் காரீயம்-212 தரும் 239. மூன்று புள்ளியில் ஒரு கோடு. சோடியம் அயோடைடு கீழ் ஆற்றலில் சற்றே வளையும், ஆகவே இரண்டு புள்ளியோடு நிறுத்துவது சோம்பேறித்தனம்.

மண்டபத்தில் குளிர்சாதனம் காலையில் ஓடும், மதியம் நிற்கும். அதுதான் தொல்லை. படிகத்தின் ஒளியும் குழாயின் பெருக்கமும் சூடு ஏற ஏறக் குறையும். பத்து டிகிரி ஏறினால் முகடு சில சதவீதம் கீழே நகர்ந்து, 1,461 என்பது 1,400 பக்கம் போய் உட்காரும். மென்பொருள் எதையும் சொல்லாது, வரைபடமும் அழகாகவே இருக்கும். அரைமணிக்கு ஒரு தடவை உர மூட்டையைக் காட்டி முகடு எங்கே நிற்கிறது என்று எழுதி வைப்பதுதான் மருந்து. குளிர் அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது உணரியை ஒரு பையில் சுற்றி ஒரு மணிநேரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னழுத்த இணைப்பில் வியர்த்து, பொய்த் துடிப்புகள் கொட்டும்.

புதன்

மேன்டல் நிறமாலையில் இன்று தெரிந்தவை: 77 பக்கம் எக்ஸ் கதிர்க் குவியல், 239, 338, 583, 727, 911, 2,614. தோரியக் குடும்பத்தின் கையெழுத்து இது. 338ம் 911ம் ஆக்டினியம்-228 தருபவை. மேன்டலின் வயதை இவை சொல்லும். தோரியத்தைச் சுத்தம் செய்யும்போது ரேடியம் பிரிந்து போய்விடும், தோரியம்-228 மட்டும் கூடவே தங்கும். அதனால் புது மேன்டலில் 583 இருக்கும், 911 இருக்காது. ரேடியம்-228இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 5.75 ஆண்டு என்பதால் 30 ஆண்டு கிடந்த துணியில் அது 97 சதவீதம் திரும்ப வளர்ந்திருக்கும். கடைக்காரர் சொன்னது சரி, இது பழைய சரக்குதான்.

இனி பேரிக்காய்க்கு வருவோம். ரேடியம்-224 ஆல்ஃபாவை உமிழும்போது நூற்றுக்கு ஐந்து தடவை ரேடான்-220இன் முதல் கிளர்நிலையில், அதாவது அடிநிலைக்கு மேலே உள்ள முதல் ஆற்றல் படியில், போய் விழுகிறது. அங்கிருந்து இறங்கும் காமா 241.0 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஜெனீவாவில் பார்த்த அதே ரேடான்-220, அதே 241. மேசை மேலேயே வெளிவருகிறது. ஆனால் பக்கத்திலேயே காரீயம்-212இன் 238.6 நிற்கிறது, பத்து மடங்கு பலத்தோடு. இரண்டுக்கும் இடைவெளி 2.4. சோடியம் அயோடைடு முகட்டின் அகலமோ அந்த இடத்தில் 20க்கு மேல். எத்தனை மணிநேரம் எண்ணினாலும் பிரியாது. எண்ணிக்கை கூடினால் பிழை குறையுமே தவிர அகலம் குறையாது. திரவ நைட்ரஜனில் குளிர்ந்த ஜெர்மானிய உணரி இருந்தால் ஒன்றரைக்குள் அகலம் வரும், இரண்டும் தனித்தனியாக நிற்கும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் யுரேனியக் குடும்பத்துக் காரீயம்-214 தன் 242ஐ அங்கேயே கொண்டு வந்து கலக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரேடியம்-224இன் நிலைமை இன்னும் மோசம். அதன் முதல் படி 84.4. தோரியம்-228 நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக அந்த நிலையில் விழுகிறது, ஆனால் காமாவாக வருவது நூற்றுக்கு 1.2 மட்டுமே. மீதி ஆற்றல் அணுவின் எலக்ட்ரானை உதைத்து வெளியேற்றுவதில் போய்விடுகிறது. வருகிற அந்தக் கொஞ்சமும் காரீயம், பிஸ்மத் எக்ஸ் கதிர்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும். அது இல்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிகளின் உயரம் மட்டும் தெரிந்தாலே ஓரளவு பேசலாம். ரேடியம்-224இல் 2+ நிலை 84, 4+ நிலை 251 (எண் கருவின் சுழற்சி அளவு, குறி அதன் கண்ணாடிச் சமச்சீர்). விகிதம் மூன்றை ஒட்டி வருகிறது, அதாவது நீண்ட கரு சுழல்கிறது. ரேடான்-220இல் 241, 534. விகிதம் 2.2, அதிர்வுக்கு நெருக்கம். ரேடியத்தில் எதிர்ச்சமச்சீர் கொண்ட 1− நிலை 216இலேயே, 4+ நிலைக்குக் கீழே வந்துவிடுகிறது. ரேடானில் அது 645, வெகு மேலே. ரேடியம் பேரிக்காய்க்குக் கிட்டே, ரேடான் எட்டே என்று சந்தேகப்பட இது போதும். நிரூபிக்கப் போதாது.

வியாழன்

ரேடான்-220 வாயு. தோரான் என்று பழைய பெயர். துணியிலிருந்து கசிந்து வெளியே வரும் என்பதால் அதை மட்டும் பிரித்து அரை ஆயுளை அளக்கலாம், 55.6 வினாடி. இந்த ஊரில் கையால் செய்யக்கூடிய மிகச் சுத்தமான அளவை இதுவே.

மிளகாய்ச் சாஸ் ஊற்றும் பிதுக்குப் பாட்டிலில் பத்து மேன்டல். மூடி வழியே ரப்பர் குழாய், நடுவில் பஞ்சு, அடுத்து சிலிக்கா ஜெல். பஞ்சு இல்லாவிட்டால் துணித் துகள் போய் உள்ளே ஒட்டும், பிறகு அந்தப் பின்னணி இறங்கவே இறங்காது. குழாயின் மறுமுனை ஒரு மைலோ டின்னுக்குள். டின்னின் வாயில் கைகர் குழாயின் மைக்கா ஜன்னல் உள்நோக்கி, சுற்றிலும் டேப். ஆல்ஃபா காற்றில் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம்தான் ஓடும், ஆழமான டின் வீண். பெரிய டின்னாக இருந்தால் அடியில் மணல் கொட்டி, மேலே அட்டை ஒட்டி ஆழத்தைக் குறைக்கலாம்.

பாட்டிலை மூடிப் பத்து நிமிடம் விட வேண்டும். பத்து அரை ஆயுள் என்பது 9 நிமிடம் 16 வினாடி, அதற்குள் தோரான் நிரம்பிவிடும். பிறகு இரண்டு மூன்று பிதுக்கல், குழாயைத் துணிக்கிளிப்பால் இறுக்கி, பத்து வினாடிக்கு ஒரு எண் என்று ஐந்து நிமிடம். கடைசியில் தொடக்கத்தின் இரண்டரைச் சதவீதம்கூட மிஞ்சாது. பின்னணியைக் கழித்து, மடக்கை எடுத்து, கோடு போட்டால் சாய்வு வினாடிக்கு 0.0125.

சாய்வு தப்பினால் அதுவே நோயைச் சொல்லும். 45 வினாடி என்று வந்தால் டேப்பில் கசிவு, வாயு வெளியே ஓடுகிறது. 70 என்று வந்தால் பின்னணி குறைவாகக் கழிந்திருக்கிறது. முதல் ஓட்டம் சரியாக வந்து அடுத்தடுத்த ஓட்டங்கள் நீண்டுகொண்டே போனால் காரீயம்-212 டின் சுவரில் படிந்திருக்கிறது. அதன் அரை ஆயுள் 10.6 மணிநேரம், அன்றைக்குள் போகாது. டின்னை மாற்றுவதே சுலபம். மைலோ டின்னுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

பள்ளிக்கூடத்தில் இதை மட்டும் செய்து காட்டினாலும் போதும் என்று தோன்றுகிறது. காமா நிறமாலையில் பாதி நம்பிக்கை வேண்டியிருக்கிறது. இங்கே எண்கள் கண்ணெதிரே பாதியாகின்றன.

வெள்ளி

மதியத்திலிருந்து மழை. வெளியளவை இல்லை. மழை பெய்யும்போது நிலத்தில் காமா கூடும். காற்றில் இருந்த, யுரேனியக் குடும்பத்து ரேடான்-222இன் சந்ததிகளை மழை கீழே கொண்டு வருகிறது. காரீயம்-214க்கு 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். மழை நின்று மூன்று மணிநேரம் விட்டால் மறைந்துவிடும். அதற்குள் எடுத்த அளவையில் யுரேனியம் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

சனி

ஈப்போ வழியாகப் பத்து காஜா, அங்கிருந்து தஞ்சோங் துவாலாங் சாலை. 1938இல் கட்டி 1982 வரை ஓடிய வெள்ளீய மண்வாரிக் கப்பல் குட்டையில் நிற்கிறது, இப்போது சுற்றுலா இடம். கிந்தா பள்ளத்தாக்கின் கிரானைட் மலைகளிலிருந்து கரைந்து வந்த மணலில் வெள்ளீயத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கனத்த மணலை அமாங் என்பார்கள். இல்மனைட், சிர்க்கான், கூடவே மோனசைட். மோனசைட்டில் தோரியம் சில சதவீதம் உண்டு. புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஆலை 1994இல் மூடப்பட்டதை ஈப்போ பக்கத்தார் மறக்கவில்லை. அந்த நினைவு இருக்கும் ஊரில் தோரியம் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி வடிவத்தைப் பற்றியதாக இருக்காது, இருக்கவும் கூடாது. மண்ணை அள்ளவில்லை. உணரியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் முக்காலியில் வைத்து, மூன்று ஆற்றல் ஜன்னல்களில் எண்ணுவது வழக்கம்: பொட்டாசியத்துக்கு 1,370 முதல் 1,570, யுரேனியத்துக்கு 1,660 முதல் 1,860, தோரியத்துக்கு 2,410 முதல் 2,810. தோரிய ஜன்னலில் எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 10,000 எண்ணிக்கை வேண்டும், இந்தச் சின்னப் படிகத்தில் அது பொறுமைக்குச் சோதனை. நூறு எண்ணி ஊரையே வரைபடம் போடுபவர்களை நம்ப வேண்டாம்.

ஞாயிறு

மாலையில் மண்டபத்தில் ஜெனீவா கதை. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முதல் கேள்வியிலேயே மையத்தைத் தொட்டார்: "படம் எடுத்தாங்களா, கணக்குப் போட்டாங்களா?"

கணக்குத்தான் ஐயா. பத்திரிகையில் வந்த பேரிக்காய்ப் படமும் கணக்கிலிருந்து வரைந்ததுதான்.

இந்த வாரம் முழுக்க மேசையில் பார்த்தது கரு கீழே இறங்கும்போது வரும் காமா. வடிவத்தின் செய்தி அங்கே இல்லை. பேரிக்காய்த் தன்மையை அளக்கும் எண்முனைத் திருப்புமை, 0+ நிலைக்கும் 3− நிலைக்கும் நடுவே உள்ள பிணைப்பில் இருக்கிறது. ரேடியம்-224இல் 290இல் நிற்கும் 3− நிலை இறங்கும்போது அந்த வழியில் இறங்குவதே இல்லை. குறுக்கு வழியில் 206 காமாவை விட்டு 84க்குப் போய்விடுகிறது. ஆகவே இறக்கத்தைப் பார்த்துப் பயனில்லை, ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். கருவை வெளியிலிருந்து ஒரு மின்புலத்தால் உலுக்கி, எத்தனை தடவை 3− நிலைக்கு ஏறுகிறது என்று எண்ண வேண்டும். உலுக்க வேண்டுமானால் கருவை ஓட வைக்க வேண்டும். மேசை தோற்கும் இடம் இதுதான்.

ஐசோல்டேயில் 1.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கள் சூடேற்றிய யுரேனியம் கார்பைடில் மோதுகின்றன. உடைந்த துண்டுகள் ஊடுருவி வெளியே வருகின்றன. ரேடானைப் பிரிப்பது எளிது: குழாயைக் குளிர வைத்தால் மற்றவை ஒட்டிக்கொள்ளும், மந்த வாயு மட்டும் கடக்கும். ரேடியம் சூடான உலோகப் பரப்பிலேயே அயனியாகிவிடும். பிறகு ஒரு பொறியில் சேர்த்து, எலக்ட்ரான் கற்றையில் ஐம்பது எலக்ட்ரான் வரை உரித்து, முடுக்கியில் நியூக்ளியானுக்கு (கருவில் உள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 2.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றினார்கள். மொத்தம் 630 மெகா சொச்சம். இந்த ஆற்றல் வேண்டுமென்றே குறைவு. இலக்கின் கருவைத் தொடவே கூடாது. தொட்டால் அணுக்கரு விசை உள்ளே வந்து கணக்கைக் கெடுக்கும். தொடாமல் உரசிப் போனால் மின்விசை மட்டும், அது முழுக்கத் தெரிந்த விசை.

கற்றையில் வினாடிக்குச் சில லட்சம் அயனிகள்தான். இலக்கு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் தடிமனில் நிக்கல், காட்மியம், வெள்ளீயம். ஏன் பல இலக்குகள்? 50 புரோட்டான் உள்ள வெள்ளீயம் பலமாக உலுக்கும், கரு பல படிகள் தாவும். 28 உள்ள நிக்கல் மெதுவாக உலுக்கும். 3− நிலைக்கு நேராக ஒரே தாவலில் போனதா, படிப்படியாகப் போனதா என்பதை இந்த வித்தியாசமே பிரித்துக் காட்டும்.

சிதறிய துகளை வட்டவடிவச் சிலிக்கான் உணரி பிடிக்கிறது, காமாவை மினிபால் என்ற 24 ஜெர்மானியப் படிக வரிசை. ஒவ்வொரு படிகமும் ஆறு துண்டாகப் பிரிந்தது. அது ஆடம்பரம் இல்லை. கரு ஒளி வேகத்தில் நூற்றில் எட்டுப் பங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே காமாவை விடுகிறது. 241 என்பது கோணத்தைப் பொறுத்து 222 முதல் 260 வரை எங்கும் தெரியலாம். துகளின் கோணமும் காமாவின் கோணமும் தெரிந்தால்தான் திருத்த முடியும். போதாக்குறைக்கு ரேடானும் ரேடியமும் கூடத்திலேயே சிதைந்து, நம் மேன்டல் போலவே 239ஐப் பொழியும். துகளும் காமாவும் ஒரே நொடித்துளியில் வந்தவற்றை மட்டும் எடுத்து, தற்செயல் ஜோடிகளைக் கழித்தால் அது ஒழியும். ரேடியத்தின் 84க்குப் பக்கத்தில் அதன் சொந்த எக்ஸ் கதிர்கள் 85இலும் 88இலும் நிற்பது அங்கேயும் தலைவலிதான்.

இத்தனைக்கும் பிறகு கோசியா என்ற கணக்கு நிரல். எல்லா நிலைகளுக்கும் நடுவே உள்ள பிணைப்புகளை ஊகித்து, காமா எண்ணிக்கைகள் ஒத்துவரும் வரை மாற்றிக்கொண்டே போகும். 2013 மே மாதம் நேச்சர் இதழில் வந்த முடிவு: எண்முனைத் திருப்புமை ரேடியம்-224க்கு 2,520, ரேடான்-220க்கு 2,180, அலகு மின்னூட்டம் பெருக்கல் ஃபெர்மி (அணுக்கருவை அளக்கும் நீள அலகு) கன அளவு. எண்கள் கிட்டத்தட்ட இருக்கின்றனவே என்று தோன்றும். நிலைகளின் வரிசையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ரேடியம் நிலையான பேரிக்காய், ரேடான் அந்த வடிவத்துக்கும் அதன் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கும் நடுவே அதிர்வது என்று பிரிகிறது. 2020இல் ரேடியம்-222 நிலையான பேரிக்காய் என்றும், மேன்டலில் இருக்கும் ரேடியம்-228 அதிர்வது என்றும் வந்தது. படத்தில் இருப்பதுபோல் அவ்வளவு கூராகவும் இல்லை. ரேடியம்-224க்கு எண்முனை உருமாற்ற எண் 0.097. சுமார் 7.3 ஃபெர்மி ஆரமுள்ள கருவில் ஒரு முனை அரை ஃபெர்மி வெளியே, மறுமுனை அரை ஃபெர்மி உள்ளே.

ஓர் அறிவியல் டீச்சர் விடவில்லை. "அப்ப மேசையில வடிவத்தைப் பத்தி ஒண்ணுமே அளக்க முடியாதா, சார்?"

முடியும், பாதி. ரேடியம்-224இன் 84 நிலை அரை ஆயுள் சுமார் 0.75 நானோவினாடி. ஆல்ஃபா வந்த கணத்துக்கும் 84 இறங்கிய கணத்துக்கும் உள்ள இடைவெளிகளை எண்ணினால் அது கிடைக்கும். அதிலிருந்து நான்முனைத் திருப்புமை வரும், கரு எவ்வளவு நீண்டது என்பது தெரியும். முடுக்கி வேண்டாம். ஆனால் மேன்டல் உதவாது. ஆல்ஃபா துணிக்குள்ளேயே பாதி ஆற்றலை இழந்துவிடும். தட்டையாகப் படிய வைத்த மெல்லிய தோரியம்-228 மூலம், ஒரு ஆல்ஃபா உணரி, வேகமான மின்னொளிர் உணரி ஒன்று, நானோவினாடியைப் பிரிக்கும் நேரப் பகுப்பி ஆகியவை வேண்டும். அந்த மூலத்துக்கு உரிமம் தேவை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். டீச்சர் பட்டியலை எழுதிக்கொண்டார்.